முதலாளி தூங்கிய ஊர்

என் அக்காவுக்கு பஸ் ஓட்டத் தெரியும், டீ சொல்லத் தெரியாது. கடையில் உட்கார்ந்ததும் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று யாராவது கேட்டால் போதும், பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்ப்பாள். டீயா காபியா, சர்க்கரை போட்டா போடாமலா, எதுவும் அவள் வாயிலிருந்து வராது. "நீ என்ன சொல்றியோ அதுவே எனக்கும்" என்பாள். அதையும் கடைக்காரரிடம் சொல்ல மாட்டாள், என்னிடம் சொல்வாள். நான்தான் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

இத்தனைக்கும் அவள் ஓட்டுவது நடுவில் மடிப்பு வைத்த நீள பஸ். அதை எங்கள் ஊர்க் கடைத்தெருவில், இரண்டு பக்கமும் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே, கையகல இடைவெளியில் வளைத்துக்கொண்டு போவாள். கண்ணாடியில் ஒரு பார்வை, ஸ்டியரிங்கில் ஒரு சுற்று, முடிந்தது. நின்றுகொண்டிருக்கிறவர்கள் கையில் இருக்கிற காபி கூடத் தளும்பாது. அந்த நேரத்தில் அவளைப் பார்த்தால் இவளா டீக்கடையில் முழிக்கிறவள் என்று இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"வழி போட்டுக் குடுத்தா நான் எங்க வேணும்னாலும் ஓட்டுவேன்டி," என்றாள். "வழியையும் நானே போடணும்னாதான் கை நடுங்குது."

அதுதான் என் அக்கா. லீவு நாளில் கடைக்குப் போனால்கூட பஸ் போகிற வழியிலேயே நடப்பாள். குறுக்குச் சந்தில் புகுந்தால் பாதி தூரம் மிச்சம், ஆனால் மாட்டாள். அவள் பின்னாலேயே நடந்து நடந்து எனக்குக் கால் தேய்ந்துவிட்டது. ஸ்டாப் வருகிற இடத்திலெல்லாம் அவள் நடை கொஞ்சம் மெதுவாகும், சத்தியமாகச் சொல்கிறேன்.

அதனால் சின்ன வயதிலிருந்து அவளுக்கு எல்லாம் தேர்ந்தெடுத்தது நான், தங்கச்சி. என்ன நிறத்தில் சட்டை, எவ்வளவு நீளத்தில் முடி, எல்லாம் நான். எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில், சுவர்ப் பக்கம் யார் என்பதையும் நானே முடிவு செய்தேன்: அவள். இன்று வரைக்கும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால்தான் தூங்குவாள். அவ்வளவு ஏன், மாமாவையே நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஒரு மனுஷன் தினமும் அவள் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? அக்காவுக்குப் புரியவில்லை. "பாவம், வேலை தேடுறார் போல," என்றாள். நான்தான் போய், "சார், உங்களுக்கு என் அக்காவைப் பிடிச்சிருக்கா, இல்ல பஸ்ஸைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். அந்த மனுஷன் சிவந்த சிவப்பில் சிக்னல் விழுந்தது என்று நினைத்து அக்கா பிரேக் போட்டாள்.

மாமா பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் வீட்டிலேயே ஒரு மேசையில் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுப்பார். அவர் மேசையைச் சுற்றி எந்நேரமும் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள், உதடு இல்லாமல். மாமா நல்லவர். எவ்வளவு நல்லவர் என்றால், எதைக் கேட்டாலும் சரி என்பார். ஒருத்திக்கு முடிவெடுக்கத் தெரியாது, இன்னொருவர் எல்லா முடிவுக்கும் சரி என்பார். இந்தக் குடும்பம் ஓடியது என்னால்தான் என்று நான் சொன்னால் தற்பெருமை என்பீர்கள். சொல்லட்டுமா? என்னால்தான்.

இவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டவள், எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அதனால் வக்கீலம்மா. சின்னவன் இப்போதுதான் நடக்க ஆரம்பித்தவன். வீடே அவனைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும், உட்காரும். அவனுக்கு முதலாளி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

முதலாளியிடம் ஒரே ஒரு கோளாறு. பகலில் தூங்க மாட்டார். ராத்திரி தொந்தரவு இல்லை, அம்மா பக்கத்தில் படுத்தால் சமர்த்தாகத் தூங்கிவிடுவார். பகலில்தான் ரகளை. தொட்டில் கட்டினார்கள், ஜன்னலை மூடி இருட்டாக்கினார்கள், மாமா பாடினார், மாமா பாட்டை நிறுத்தச் சொல்லி நான் பாடினேன். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்களே தவிர, முதலாளி கண்ணை மூடவில்லை. கடைசியில் ஒருநாள் மாமா வேறு வழி தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மதிய பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டாவது திருப்பம் வருவதற்குள் முதலாளி வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். தினமும் சாப்பாடு முடிந்ததும் மாமா டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருவார்.

"இன்ஜின் அதிர்வு," என்று விளக்கம் சொன்னார் மாமா. "அது குழந்தைங்க உடம்புக்கு ஒத்துப்போகுது." பல்செட் செய்கிறவர் சொன்னால் அறிவியல்தானே என்று நாங்களும் தலையாட்டினோம்.

இப்படி இருக்கும்போது தலையில் இடி விழுந்தது. எங்கள் ஊருக்குள்ளேயே மெட்ரோ ரயில் ஓடப்போகிறது, அதனால் அக்காவின் டிப்போவை மூடுகிறார்கள். அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மூன்று ஊர்களின் பெயரைச் சொன்னார். மூன்று ஊரிலும் டவுன் பஸ்ஸுக்கு ஆள் வேண்டும். எது வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கம்பெனியே ஒரு வேலை போடும், அது நெடுந்தூர ராத்திரி வண்டியாகத்தான் இருக்கும். வாரத்தில் பாதி நாள் வேறு ஊரில் தூங்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டாள். "எந்த ஊருடி?"

எனக்குக் கேட்கவே வேண்டியதில்லை. மூன்றில் ஒரு ஊர் என் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். காலையில் கிளம்பினால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். இரண்டாவது கொஞ்சம் தள்ளி. மூன்றாவது ஊர் வரைபடத்தில் மடிப்புக்கு அந்தப் பக்கம். என் கல்யாணம் முடிந்தும் அக்காவின் தெருவுக்கே மறுமுனையில் குடிவந்தவள் நான். அக்காவை விட்டு ஒருநாள் இருந்ததில்லை. "முதல் ஊர்தான்," என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது மாமா, எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற மாமா, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று சொன்னார். "இதை நீதான் முடிவு பண்ணணும். வேலை உன்னோடது. எனக்கென்ன, எல்லா ஊர்லயும்தான் பல்லு விழுது."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராத்திரி வண்டியை நினைத்து அவள் பயந்தது நிஜம். "ஊரைச் சொல்லாம விட்டா புள்ளைங்க என்னை மறந்துடும்டி," என்று சமையலறையில் வந்து அழுதாள். ஆனால் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் மாமாதான் ஒரு யோசனை சொன்னார். மூன்று ஊருக்கும் போய் பஸ்ஸில் ஏறிப் பார்ப்போம், எந்த ஊர் பஸ்ஸில் முதலாளி தூங்குகிறாரோ அதுதான் நம் ஊர். அக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பாருங்கள், மறுபடியும் முடிவெடுக்கிற வேலையை வேறு ஒருவர் தலையில் கட்டிவிட்டாள், அதுவும் பல்லே முழுசாக முளைக்காத ஆளின் தலையில்.

மற்றவர்கள் ஊர் தேடினால் பள்ளிக்கூடம் எப்படி, ஆஸ்பத்திரி எங்கே, தண்ணீர் வருமா என்று பார்ப்பார்கள். நாங்கள் பஸ் எப்படி நடுங்குகிறது என்று பார்க்கக் கிளம்பினோம். வக்கீலம்மா மட்டும் தன் பங்குக்கு, "லிஃப்ட் இருக்கிற ஊருக்குத்தான் வருவேன்," என்று முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். மாமா ஒவ்வொரு ஊர் டாக்டருக்கும் காட்டுவதற்கு ஒரு பெட்டி நிறைய மாதிரிப் பல்செட்டுகளை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன். உண்மையில் முதல் ஊருக்கு ஓட்டுச் சேகரிக்கப் போனேன்.

முதல் ஊர், ஆஹா, என்ன ஊர்! தெருவெல்லாம் துடைத்து வைத்த மாதிரி. வீடுகளில் லிஃப்ட் வேறு. ஏறின இடத்திலேயே வக்கீலம்மா எல்லாப் பொத்தானையும் அமுக்கி, ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, ஒவ்வொரு மாடியிலும் நாங்கள் யாரோ ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அப்புறம் பஸ்ஸில் ஏறினோம். அக்கா முதலாளியை மடியில் வைத்துக்கொண்டாள். பயணியாக உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமே இல்லை, டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் இவள் கால் தரையை மிதிக்கும். முதலாளிக்கு ஒரே குஷி. அம்மா மூக்கைப் பிடித்துத் திருகினார், காதைக் கடித்தார், தூங்குகிற வழியாக இல்லை. போதாததற்கு அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அவர் எம்பிக் குதித்து, "இன்னும்!" என்றார்.

"இந்த ஊரு சரிப்படாது," என்று மாமா சோகமாகச் சொன்னார்.

"ஏன் சரிப்படாது? ரெண்டு நாள் பழகினா தூங்கிடுவான்!" என்று நான் குதித்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஊரில் பஸ்ஸெல்லாம் பேட்டரியில் ஓடுகிறது. சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, பஸ் போகிறதா நிற்கிறதா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை போல, கத்த ஆரம்பித்துவிட்டார். அமைதியான பஸ்ஸில் அந்தக் கத்தல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உடனே பஸ் முழுக்க வைத்தியர்கள். "பசிக்குதும்மா," என்றார் ஒருவர். "வயித்து வலி," என்றார் இன்னொருவர். "சட்டை இறுக்கமா இருக்கு," என்று ஒரு அம்மாள் எழுந்து வந்து பொத்தானையே கழற்றிவிட்டாள். ஒரு பெரியவர் காதை ஆட்டிக் காட்டினார். மாமா பதற்றத்தில் கிலுகிலுப்பை எடுப்பதற்குப் பதிலாகப் பெட்டியிலிருந்து ஒரு பல்செட்டை எடுத்து ஆட்டினார். முதலாளி சட்டென்று அழுகையை நிறுத்தினார். அவருக்குப் பதிலாகப் பின் சீட்டில் இருந்த குழந்தை ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டோம். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "மூணாவதுலயும் தூங்கலன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்றாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு அடுத்த நாள் போன் பண்ண வேண்டும்.

மூன்றாவது ஊருக்கு ரயிலில் போகும்போதே என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போய்க்கொண்டே இருந்தது. வயல் வந்தது, போனது, மலை வந்தது, போனது, நான் கொண்டுபோன பிஸ்கட்டும் போனது. "இவ்வளவு தூரத்துல மனுஷன் இருப்பானா?" என்று கேட்டேன். "ரயில் நிறைய ஆள் இருக்காங்களே, சித்தி," என்றாள் வக்கீலம்மா.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே பஸ் குறைவு. அதனால் முதலில் வீட்டைப் பார்த்துவிடலாம் என்று ஒரு தரகரிடம் சொல்லி வைத்திருந்தோம். "சரியா மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்," என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஆனால் என் அக்கா டிரைவர். நேரத்துக்கு வருவது என்றால் அவளுக்கு நேரத்துக்கு முன்னால் வருவது. நாங்கள் போய் நின்றபோது தரகர் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாதி ரொட்டியைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"கொஞ்சம் அப்படியே ஊரைச் சுத்திப் பாத்துட்டு வர்றீங்களா? நல்ல ஊரு!"

"முதல்ல வீட்டைப் பாக்கலாம்," என்றேன் நான். அவர் முழித்த முழியிலேயே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாடி வீடு. கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் என் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை, தரையே அப்படி ஆடியது! கீழே ஒரு பெரிய சலவை நிலையம். அந்த ஊர் ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் போர்வை, துண்டு எல்லாம் அங்கேதான் வெளுக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மிஷின்கள், அத்தனையும் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மின்விசிறி போடாமலே ஆடியது. மாமா பெட்டியை அலமாரியில் வைத்தார், அவ்வளவுதான், உள்ளே இருந்த பல்செட்டுகள் அத்தனையும் ஒரே குரலில் கடகடவென்று பேச ஆரம்பித்தன.

"அது என்ன சத்தம்?" என்று தரகர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பல்லு," என்றார் மாமா.

தரகர் வாசல் பக்கம் இரண்டடி நகர்ந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. அலைந்த அலைச்சலில் அக்கா முதலாளியைத் தரையில் விரித்த போர்வையில் இறக்கிவிட்டு, அப்பாடா என்று அதில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். நான் தரகரைப் பிடித்துக்கொண்டேன். மனுஷங்க குடியிருக்கிற வீடா இது, ஊர் பேர் தெரியாதவர்கள் என்றால் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டிவிடலாமா என்று காது கிழியக் கேட்டேன். காது கிழியக் கத்தினால்தான் அங்கே கேட்டது. உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். ஒழிந்தது மூன்றாவது ஊர்!

அப்போது மாமா என் தோளைத் தட்டினார். விரலை வாயில் வைத்துக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன்.

முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்துகொண்டு, கையை விரித்துப் போட்டு, தரையோடு சேர்ந்து கன்னம் குலுங்கக் குலுங்க அப்படி ஒரு தூக்கம்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கத்த முடியாதே! மாமா சத்தமில்லாமல் குதித்தார். வக்கீலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். அக்கா நாற்காலியிலிருந்து தலையை மட்டும் திருப்பிப் பார்த்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தரகருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் கோபத்தில் ஊமையாகிவிட்டோம் என்று நினைத்துவிட்டார் பாவம்.

"சார், சாயங்காலம் நிறுத்திடுவாங்க," என்று கெஞ்சினார்.

"நிறுத்தக் கூடாது!" என்று மாமா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "சாயங்காலம் கொஞ்சம் கூடுதலா ஓட்டச் சொல்ல முடியுமா?"

தரகர் என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? "அவங்க குடும்பமே அப்படித்தான்," என்றேன்.

லிஃப்ட் இல்லையே என்று வக்கீலம்மாவிடம் கிளப்பிவிட்டுப் பார்த்தேன். அவள் ஏற்கனவே படிக்கட்டுப் பக்கம் போய், கீழிருந்து துணிக்கூடைகளை மொட்டை மாடிக்கு ஏற்றுகிற ஒரு குட்டி லிஃப்டைக் கண்டுபிடித்து, அதில் தன் பொம்மையை அனுப்பி வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் கட்சியும் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மிஷின்கள் நின்றன.

மதியச் சாப்பாட்டு நேரம். ஒன்றன்பின் ஒன்றாக உறுமி உறுமி அடங்கி, வீடு அப்படியே உறைந்தது. பல்செட்டுகளும் வாயை மூடிக்கொண்டன. நாங்கள் எல்லோரும் ஒரு காலைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றோம். இதோ எழுந்துவிடுவார், இதோ கத்தப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

முதலாளி எழுந்திருக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, இன்னும் நன்றாகத் தூங்கினார்.

"அதிர்வு இல்லாமயே தூங்குறானே!" என்றார் மாமா. அவருடைய அறிவியல் அவர் கண்ணெதிரிலேயே படுத்துவிட்டது.

அக்கா மெதுவாக எழுந்து சமையலறையைப் பார்க்கப் போனாள். அவள் வாசல்படி தாண்டவில்லை, முதலாளி கண்ணைத் திறந்து சிணுங்கினார். ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். முதலாளி எழுந்து உட்கார்ந்து, விளையாடலாமா என்று சிரித்தார்.

"அம்மா, ஜன்னலைப் பாருங்க," என்றாள் வக்கீலம்மா.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். முதலாளி கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தானாகவே சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

வக்கீலம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழக்கை எடுத்து வைத்தாள். "பஸ்ஸுல பின்னாடி சீட்ல உக்காந்தா என்ன தெரியும்? அம்மா முதுகுதான் தெரியும். ராத்திரி அம்மா சுவத்தைப் பாத்துப் படுப்பாங்க. அப்பவும் முதுகுதான். முகத்தைப் பாத்தா விளையாடணும், முதுகைப் பாத்தா தூங்கணும். இது கூடத் தெரியாதா?"

"உனக்கு எப்போடி தெரியும்?" என்று கேட்டேன்.

"எப்பவோ தெரியும்."

"ஏன் சொல்லல?"

"யாராவது கேட்டீங்களா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பஸ்ஸு இல்லையாடி?" என்றாள். "நான்தானா?"

"நீதான்," என்றார் மாமா. அவர் குரலும் சரியில்லை. "நீ முன்னாடி இருக்கேன்னு தெரிஞ்சா போதும் அவனுக்கு."

அவர்கள் உருகினார்கள். ஆனால் நான் விட்ட பிடியை மறுபடி பிடிக்கத் தெரிந்தவள். "அப்போ எந்த ஊரா இருந்தாலும் சரிதானே?" என்றேன். "எந்த ஊர்லயும் உனக்கு முதுகு இருக்கும். கிளம்பு, முதல் ஊருக்கே போயிடலாம். என் வீட்டுக்குப் பக்கம். சொல்லு, சரின்னு சொல்லு!"

மாமா அக்காவைப் பார்த்தார். தரகர் பையிலிருந்து மிச்ச ரொட்டியை எடுத்தவர், கடிக்காமல் நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நீ என்ன சொல்றியோ அதுவே எனக்கும் என்பாள். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு," என்றாள் அக்கா.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. "என்னது?"

"பிடிச்சிருக்கு."

"ஏன்? இந்த ஆட்டம் ஆடுற வீட்டுல என்ன இருக்கு?"

"தெரியல. உள்ள வந்தப்பவே பிடிச்சது. புள்ளை தூங்கறதுக்கு முன்னாடியே பிடிச்சது. சொன்னா நீ திட்டுவேன்னு சும்மா இருந்தேன்." அவள் அப்போதும் திரும்பவில்லை, குழந்தை எழுந்துவிடுவான் என்று ஜன்னலைப் பார்த்தே பேசினாள். "தூரம்தான். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீ வருவே. ரயில்ல வழி பூரா எல்லாரையும் திட்டிட்டே வருவே. ஆனா வருவே."

கோபம் வந்தது, அழுகை வந்தது, கூடவே வயிற்றிலிருந்து சிரிப்பும் கிளம்பி வந்தது. பிறந்ததிலிருந்து டீ கூடச் சொல்லாதவள் ஒரு ஊரையே சொல்லிவிட்டாள்! இவளைக் கட்டிப் பிடிப்பதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா? கட்டித்தான் பிடித்தேன், பின்னாலிருந்து. முதலாளி முதுகைக் காணோம் என்று எழுந்துகொண்டு ஊரைக் கூட்டினார். சாப்பாடு முடிந்து கீழே மிஷின்கள் ஓட ஆரம்பித்தன, பல்செட்டுகள் எல்லாம் சேர்ந்து கடகடவென்று சிரித்தன. தரகர் அவசர அவசரமாகச் சாவியை மாமா கையில் திணித்துவிட்டு, நாங்கள் மனம் மாறுவதற்குள் படியிறங்கி ஓடினார். திங்கட்கிழமை போனை அக்காவே பண்ணினாள். நான் பக்கத்தில் நின்றேன், அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இப்போது அவளை நிறுத்த முடியவில்லை, அது வேறு கதை. போனில் கூப்பிட்டால் நாற்காலி வாங்கினேன், முடியை வெட்டினேன், ஜன்னலுக்குத் திரை வாங்கினேன் என்கிறாள். அந்தத் திரையைப் படத்தில் பார்த்தேன். ஒவ்வொரு பூவும் தட்டு அளவுக்கு, அதுவும் ஆரஞ்சு நிறத்தில். நேரில் போய் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று போன மாதம் கிளம்பினேன். ரயிலில் வழி பூரா எல்லோரையும் திட்டிக்கொண்டேதான் போனேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டேஷன் வாசலில் அக்காவின் பஸ்ஸே நின்றது. மதிய வண்டி. வேலை நேரத்தில் டிரைவரிடம் பேசக் கூடாது என்பதால் அவள் கண்ணை மட்டும் சிமிட்டினாள். அன்றைக்கு மாமாவும் முதலாளியும் வரவில்லை, டிரைவருக்குப் பின் சீட்டு காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். திரையைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது, என்ன சொல்லித் திட்டுவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். எதிரில் அவள் முதுகு. கழுத்தில் சின்ன வயதிலிருந்து இருக்கிற அதே மச்சம். கட்டிலில் எனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அதே முதுகு. கண்ணாடியில் ஒரு பார்வை, ஸ்டியரிங்கில் ஒரு சுற்று. முதல் திருப்பம் வந்தது ஞாபகம் இருக்கிறது.

"ஏய், எழுந்திரிடி. கடைசி ஸ்டாப் வந்தாச்சு."

பஸ்ஸில் ஒருவரும் இல்லை. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரில் நின்றிருந்தாள். அவளுடைய தெரு எப்போதோ போய்விட்டிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் தூங்கல," என்றேன்.

"தெரியும்," என்று சிரித்தாள். "உக்காரு. திரும்பிப் போற வழி பூரா இருக்கு, மிச்சத்தையும் தூங்கு."

சரி என்று உட்கார்ந்தேன்.